மங்கல் அழகியல்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்று பார்த்த படம் 'ஈரத் துண்டு'. பின்லாந்துக்காரர்கள் எடுத்தது. வெளியே பனி, வீட்டுக்குள் நீராவிக் குளியலறை, அதற்குள் போகிறவர்கள் ஒருவரும் திரும்பி வருவதில்லை. இயக்குநர் ஒரு பல் டாக்டராம். லீவு நாட்களில் மட்டும் எடுத்து ஆறு வருடத்தில் முடித்தாராம். இப்படிப்பட்ட கிறுக்கர்களை நினைத்தால் எனக்குக் கண் கலங்கிவிடும். இவர்கள் இல்லாவிட்டால் உலகத்தில் காதல் படம் மட்டும்தான் மிஞ்சும்.

ஒளிப்பதிவு பிரமாதம். முதல் பத்து நிமிடம் எல்லாம் துல்லியமாக இருக்கிறது. குளியலறைக் கதவு கிறீச்சிட்டதும் ஒரு மங்கல் வந்து படத்தின் மேல் படிகிறது. அதற்குப் பிறகு கடைசி வரை விலகவே இல்லை. முகங்கள் கரைகின்றன. சுவர் எங்கே முடிகிறது, ஆள் எங்கே தொடங்குகிறான் என்றே தெரிவதில்லை. அந்த ஒளிப்பதிவாளன் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம். நான்கரை எலுமிச்சம்பழம்.

எங்கள் பாளையங்கோட்டைத் திகில் திரை வட்டத்தில் நட்சத்திரம் கொடுக்கும் பழக்கம் இல்லை. ஐந்துக்கு இத்தனை எலுமிச்சம்பழம் என்றுதான் மதிப்பெண். நான் கொண்டுவந்த முறை. விமர்சனத்தை எழுதி வட்டத்தின் வாட்சாப்பில் போட்டு, கீழே 'செல்வின், தேவதாசன் ஆப்டிகல்ஸ், கண்ணாடிகள் குறித்த நேரத்தில் செய்து தரப்படும்' என்றும் சேர்த்துவிட்டேன். விளம்பரத்துக்கு விளம்பரம்.

படத்தின் நடுவே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. ஆகஸ்டிலும் இந்த ஊரில் வியர்வை நிற்பதில்லை. பக்கத்தில் பிரிசில்லா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அங்கே உட்காரச் சொன்னது நான்தான். புருஷனும் பெண்டாட்டியும் ஞாயிற்றுக்கிழமையாவது சேர்ந்து உட்கார வேண்டாமா? அவள் தாளிக்க எழுந்து போனபோது நானும் கூடவே போனேன். கடுகு வெடிப்பதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கடையில் ஈ ஓட்டினேன். 'நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே' பார்த்தேன். அர்ஜென்டினா. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர் முன்பே செத்தவர். யார் என்று நமக்குச் சொல்ல மாட்டார்கள்.

கடை வாசலில் வெயிலில் நாற்காலி போட்டு, கைபேசியில், சத்தத்தைச் சுத்தமாக நிறுத்திவிட்டுப் பார்த்தேன். திகில் படத்தை வெயிலில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கொள்கை. இருட்டில் பார்த்தால் நாம் இருட்டுக்குத்தான் மிரள்வோம், அதில் இயக்குநருக்கு என்ன பெருமை?

இதிலும் அதே மங்கல்! பின்லாந்துக்காரனுக்கும் அர்ஜென்டினாக்காரனுக்கும் ஒரே யோசனை எப்படி வந்தது? இதற்குத்தான் நான் 'மங்கல் அழகியல்' என்று பெயர் வைத்திருக்கிறேன். வட்டத்தில் எல்லோரும் இப்போது அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். மூன்றரை எலுமிச்சம்பழம். இசை அபாரம் என்று கேள்விப்பட்டேன்.

சாயங்காலம் ஒரு பெரியவர் கண்ணாடிக்கு ஃபிரேம் மாற்ற வந்தார். என் மூக்கைப் பார்த்துவிட்டு, "என்னவே, சோடா பாட்டில் அடியை அறுத்து மாட்டியிருக்கீரு?" என்றார். மைனஸ் ஏழு. கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு என் விரலே தெரியாது. கண்ணாடிக் கடைக்காரனுக்கு அதைவிட நல்ல விளம்பரம் உண்டா என்று கேட்டு அனுப்பினேன்.

ஆகஸ்ட் 7, புதன்

வீட்டுக் கிரைண்டரின் பெல்ட் அறுந்துவிட்டது. மெக்கானிக் நாளை வருகிறேன் என்றான். அவன் நாளை எந்த நாளையோ.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வட்டத்தின் கூட்டம். ஆராதனை முடிந்து, பிரியாணி முடிந்து, மூன்று மணிக்கு. இடம் எப்போதும்போலக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹால். மைக் செட் பீட்டர் அண்ணாச்சி ஜன்னலுக்கெல்லாம் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கி, ஊர்த் திருவிழாவுக்கு வைக்கிற ஸ்பீக்கரை இரண்டு பக்கமும் நிறுத்தியிருந்தார். தலைவர் அவர்தான். படம் எப்படி இருந்தாலும் சத்தம் நன்றாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

இன்றைக்குக் 'கம்பளி ராட்சசன்'. தெலுங்கிலிருந்து டப் ஆகி நாற்பது வருடத்துக்கு முன்னால் இரண்டே நாள் ஓடிய படம். கம்பளியைச் சுற்றிக்கொண்ட ஓர் ஆள்தான் ராட்சசன். அவன் ஓடும்போது காலில் ரப்பர் செருப்பு தெரிகிறது என்று ஹாலே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். எந்தக் காட்சியில் என்று கேட்கவில்லை.

என் தைரியத்தைப் பற்றி இன்றும் பேச்சு வந்தது. மற்றவர்கள் எல்லாம் நாற்காலியில் துள்ளுகிறார்கள், நான் மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறேனாம். என்ன செய்ய, சிலருக்கு அமைவது அப்படி.

போன வருடத்துக் கதையையும் எடுத்தார்கள். ஒரு செக் நாட்டுப் படத்தில் சமையலறை மூலையில் உயரமாக, வெள்ளையாக, படம் முழுக்க அசையாமல் ஓர் உருவம் நின்றது. அதற்குத் 'தனிமையின் பேய்' என்று பெயர் கொடுத்து நீளமாக எழுதியிருந்தேன். பீட்டர் அண்ணாச்சி அப்போது தயங்கித் தயங்கி, "செல்வினு, அது ஃபிரிட்ஜுல்லாவே?" என்றார். நான் நிதானமாகச் சொன்னேன், "உங்களுக்கு அது ஃபிரிட்ஜ்." அவ்வளவுதான். ஃபிரிட்ஜையே பேயாகப் பார்த்த விமர்சகர் என்று அன்றிலிருந்து எனக்குத் தனி மரியாதை.

கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் சபூரா, மேலப்பாளையம். கல்யாண வீடியோக்களுக்கு எடிட்டிங் செய்கிறாள். பதினொன்றாம் வகுப்பில் பிரிசில்லாவிடம் வேதியியல் படித்தவளாம்.

"சார், நீங்க எழுதுனது எல்லாத்தையும் படிச்சிருக்கேன். அதை வச்சே ஒரு படம் எடுத்துட்டேன்" என்றாள். படத்தின் பெயர் 'கிரைண்டர் ஓடும் வீடு'. பேயாக நடித்திருப்பது அவள் பெரியும்மா, அதாவது அவள் வாப்பாவின் அண்ணி. வீடும் பெரியும்மா வீடுதான்.

திருவனந்தபுரத்தில் சின்னப் படங்களுக்காக ஒரு விழா நடக்கிறது. அவர்கள் எந்தப் படத்தையும் லிங்க்கில் பார்க்க மாட்டார்களாம். ஊருக்கே வந்து, ஜனங்களோடு உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் ஜனங்களின் முகத்தைப் பார்ப்பார்களாம். முகம் மாறினால் படம் தேறியது. இருபத்தைந்தாம் தேதி பத்மஜா என்கிற அம்மா இந்த ஹாலுக்கே வருகிறார்.

"தேறலைன்னா இனிமே கல்யாண வீடியோ மட்டும்தான்னு வாப்பா சொல்லிட்டாங்க சார். எனக்கு இது ஒண்ணுதான் சான்ஸ்."

"நான் என்னம்மா செய்யணும்?"

"நீங்கதான் சிறப்பு விருந்தினர். முன் வரிசையில நடுவுல உக்காரணும். பத்மஜா மேடத்துக்கு எழுதிட்டேன், எங்க ஊர்ல எதுக்கும் அசையாத ஒருத்தர் இருக்காரு, அவரு அசைஞ்சா படம் ஜெயிச்ச மாதிரின்னு."

சரி என்று சொல்லிவிட்டேன். போஸ்டரில் என் பெயர் இயக்குநர் பெயரைவிடப் பெரிதாக இருக்கிறது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

சபூரா பகல் பன்னிரண்டு மணிக்கு லேப்டாப்போடு கடைக்கு வந்தாள். "நீங்க முதல்ல பாத்துருங்க சார்" என்றாள். முதலில் தலைப்பு வரும், அதைக் கண்ணாடியோடு பார்க்கலாம், பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன்.

தலைப்பே மங்கலாக வந்தது.

கையை மூக்குக்குக் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தேன். கண்ணாடி அங்கேதான் இருந்தது. கழற்றித் துடைத்துப் போட்டேன். நிஜமாகவே துடைத்தேன். மங்கல் போகவில்லை. ஒரு சமையலறை மாதிரி ஏதோ, ஒரு பொம்பளை மாதிரி ஏதோ. கடைசி வரை அப்படியே.

"எப்படி சார்?"

"அருமை" என்றேன்.

அவள் போனபிறகு பார்த்தேன். எதிர்க்கடைப் போர்டு தெரிகிறது. பஸ்ஸின் நம்பர் தெரிகிறது. அந்தத் திரை மட்டும் தெரியவில்லை. பார்வையின் நடுவில் மட்டும் முதலில் மங்கும் ஒரு வியாதி உண்டு என்று மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த தாளில் படித்திருக்கிறேன். கண்ணாடிக் கடைக்காரன் கண்ணைப் பற்றி அரைகுறையாகப் படிப்பது போல ஆபத்து வேறு இல்லை.

ஆகஸ்ட் 14, புதன்

கடையில் உள்ள எழுத்து அட்டையை வாசித்தேன். கடைசி வரி வரை சரி. ஆனால் அந்த அட்டை எனக்கு மனப்பாடம், அதை நம்ப முடியாது. பிரிசில்லாவிடம் சின்னச் சின்னதாக எதையாவது எழுதித் தூரத்தில் பிடிக்கச் சொன்னேன். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் சூத்திரத்தை எழுதிப் பிடித்தாள். வாசித்தேன். கந்தக அமிலத்தையும் வாசித்தேன்.

"எல்லாத்தையும் சரியாத்தான வாசிக்கீங்க. என்ன ஆச்சு உங்களுக்கு?"

"ஒண்ணுமில்லை."

சாயங்காலம் அவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் படியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் ஒரு மடிப்பு புதிதாக வந்திருக்கிறது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. இத்தனை வருடம் கண் நன்றாக இருந்தபோது இதைக்கூடப் பார்க்காமல் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? அழுகை வந்தது. மனதுக்குள் ஆண்டவரிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன். கிளிப் எடுத்துக் கொடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

பிரிசில்லாவின் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றினார்கள். சக்கரத்தின் ஆரங்கள் எல்லாம் தெரிந்தன. இன்றைக்குத் தெரிகின்றன.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கண் டாக்டரிடம் போனேன். சொட்டு மருந்து விட்டு, லைட் அடித்து, மேலே பார், கீழே பார் என்று எல்லாம் பார்த்தார்.

"கண்ணு ரெண்டும் நல்லா இருக்கே. எதைப் பாத்தா மங்கலா தெரியுது?"

"ஒரு படம் சார். லேப்டாப்ல."

"வேற எதுவும்?"

"வேற எல்லாம் தெரியுது."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நீங்க போயிட்டு, அந்தப் படத்தை எடுத்தவங்கள அனுப்புங்க."

ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். சர்பத் குடித்தேன். பாதி சர்பத்தில்தான் மண்டையில் உறைத்தது. உடனே சபூராவுக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, படம் முழுக்க ஏன் மங்கலா இருக்கு?"

"உங்க மங்கல் அழகியல்தான் சார்" என்று சந்தோஷமாகச் சொன்னாள். "நீங்க சொன்ன படத்துல ஒண்ணு ரெண்டத் தேடிப் பாத்தேன், எனக்கு எல்லாம் தெளிவாத்தான் தெரிஞ்சுது. எனக்குத்தான் பாக்கத் தெரியலன்னு நெனச்சேன். அதான் நானே பூசிட்டேன்."

மீதி சர்பத்தை அப்படியே வைத்துவிட்டேன். எட்டு மாதம் லீவு நாளெல்லாம் படம் பிடித்த ஒரு பெண்ணின் ஒரே வாய்ப்பு, யார் முகம் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் ஓடப்போகிறது. முன் வரிசையில் நான் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பேன். அந்தப் பத்மஜா அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிப்பார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சபூராவை வீட்டுக்கு வரச் சொன்னேன். பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று திட்டம். பிரிசில்லா பஜ்ஜி போட்டாள்.

"சபூரா, படத்தைக் கொஞ்சம் தெளிவா விட்டா என்ன?"

"தெளிவு கோழைகளின் வசதின்னு நீங்கதான சார் எழுதுனீங்க?"

நான்தான் எழுதினேன்.

"எழுதுனேன்... இருந்தாலும், மங்கல்ங்கிறது ஒரு நிலை. அதைத் தாண்டினா..."

"தாண்டினா இன்னும் மங்கலாக்கணுமா சார்?" என்று நோட்டை எடுத்தாள்.

அப்போது பிரிசில்லா கரண்டியோடு வெளியே வந்தாள். அவள் வகுப்பில் பேசுகிற குரல் தனி. அதில் பேசினாள்.

"எம்மா சபூரா, நோட்டை மூடி வை. இந்த மனுஷர் பேய்ப் படத்துல முதல் வயலின் கேட்டதும் கண்ணாடியக் கழட்டி சட்டைப் பையில போட்டுருவாரு. மைனஸ் ஏழு. அதுக்கப்புறம் அவருக்குப் பேயும் தெரியாது, நாயும் தெரியாது. அந்த மங்கலை எந்த நாட்டுக்காரனும் எடுக்கல. இந்த ஹால்ல, அந்த சோபாவுல எடுத்தது."

சபூரா என்னைப் பார்த்தாள். நான் பஜ்ஜியைப் பார்த்தேன்.

"அப்போ அந்த ஃபிரிட்ஜ்?"

"ஃபிரிட்ஜ்தான்" என்றாள் பிரிசில்லா.

அந்தப் பெண் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. "பெரியும்மா எப்படி நடிச்சிருக்காங்க தெரியுமா சார்? அந்த மூஞ்சிய நானே உக்காந்து அழிச்சிட்டேனே" என்றாள்.

நல்லவேளை, எடுத்ததெல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறதாம். மங்கலை எடிட்டிங்கில்தான் பூசியிருக்கிறாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள்.

"தெளிவான படத்தையே போடுதேன் சார். ஆனா மேடத்துக்கு உங்களப் பத்தி எழுதியாச்சு, போஸ்டரும் ஒட்டியாச்சு. நீங்க நடுவுலதான் உக்காரணும். கண்ணாடி மூக்கு மேல இருக்கணும். கழட்டினீங்கன்னா நீங்க அசைய மாட்டீங்க. நீங்க அசையலன்னா என் படம் முடிஞ்சுது."

சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்?

பிரிசில்லா அறிவியல் படித்தவள் என்றாலும் பேச்சில் துல்லியம் போதாது. முதல் வயலின் என்பது தவறு. பெரும்பாலும் இரண்டாவது வயலினில்தான்.

ஆகஸ்ட் 21, புதன்

பயிற்சிக்காக 'ஈரத் துண்டு' படத்தை மறுபடி போட்டேன். பகல், வெயில், பக்கத்தில் பிரிசில்லா, மூக்கில் கண்ணாடி. கதவு கிறீச்சிட்டது. மங்கல் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது.

கரண்ட் போய்விட்டதால் படத்தைத் தொடர முடியவில்லை. லேப்டாப்புக்கு எதற்குக் கரண்ட் என்று பிரிசில்லா கேட்கிறாள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மெக்கானிக் வந்து கிரைண்டருக்குப் புது பெல்ட் போட்டுவிட்டுப் போனான். அதிசயம்.

ஆகஸ்ட் 24, சனி

வயதான அம்மாக்களுக்கு விற்கிற கண்ணாடிக் கயிறு ஒன்றைக் கடையிலிருந்து எடுத்துவந்தேன். தலைக்குப் பின்னால் இழுத்துக் கட்டிப் பார்த்தோம். பிரிசில்லா இரட்டை முடிச்சுப் போடுவாளாம். நாளை அவளும் வருகிறாள். வட்டத்துக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஆராதனையில் ஐயா என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிரியாணியைப் பிரிசில்லாவின் தட்டுக்குத் தள்ளிவிட்டேன்.

ஹால் நிரம்பியிருந்தது. மேலப்பாளையத்திலிருந்து சபூராவின் சொந்தமெல்லாம் வேனில் வந்திருந்தார்கள். அவள் வாப்பா கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்மஜா அம்மா திரைக்கு முதுகைக் காட்டி ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மடியில் நோட்டோடு, நேராக என்னைப் பார்த்து உட்கார்ந்தார். பிரிசில்லா எனக்குப் பின்னால் நின்று முடிச்சை இழுத்தாள். காது வலித்தது.

பீட்டர் அண்ணாச்சி வந்து, "என்னவே, புதுசா கயிறெல்லாம்?" என்றார்.

"ஃபேஷன் அண்ணாச்சி" என்றேன்.

படம் ஆரம்பித்தது. இனி நான் விமர்சகனாக எழுதுகிறேன்.

மத்தியான நேரம். சின்ன வீடு. ஒரு பெண் துவைத்துக்கொண்டிருக்கிறாள். சமையலறையில் கிரைண்டர் ஓடுகிற சத்தம். தான் போடவில்லையே என்று போய் நிறுத்துகிறாள். திரும்பி வருகிறாள். மறுபடி ஓடுகிறது. அவ்வளவுதான் கதை. இருட்டு இல்லை, மழை இல்லை, ரத்தம் இல்லை. வயலின்கூட இல்லை. எப்போது கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்று சொல்ல அந்தப் படத்தில் ஒன்றுமே இல்லை. பீட்டர் அண்ணாச்சியின் ஸ்பீக்கரில் அந்தக் கல் சுற்றுகிற சத்தம் என் நாற்காலிக்குள் ஏறியது.

மூன்றாவது தடவை அவள் போகும்போது என் கை தானாகக் கண்ணாடிக்குப் போனது. கயிறு பிடித்துக்கொண்டது. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்போது ஓரத்தில் சுவரோடு சுவராக நின்ற சபூராவைப் பார்த்தேன். அவள் தன் படத்தைப் பார்க்கவில்லை. துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாளைக்கு முன்னால் மாடிப்படியில் உட்கார்ந்து, ஆண்டவரே, எதையும் விடாமல் பார்க்கிறேன், கண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளாதேயும் என்று கெஞ்சியவன் நான். வாக்கு வாக்குதான். கையை இறக்கிக்கொண்டேன்.

திரையில் அந்தப் பெண் கிரைண்டரை நிறுத்துகிறாள். திரும்புகிறாள். ஃபிரிட்ஜ் தெரிகிறது. உயரமாக, வெள்ளையாக நிற்கிறது. அதன் பக்கவாட்டில் நாலு விரல். விரலெல்லாம் மாவு.

பிறகு முகம் வருகிறது. கோரப் பல் கிடையாது, தலைவிரி கோலம் கிடையாது. நல்ல முகம். மாவு பதமாக வந்திருக்கிறதா என்று கேட்கிற முகம். அது அந்தப் பெண்ணைத் தாண்டி, திரையைத் தாண்டி, என்னைப் பார்த்தது.

"எம்மாடி! நிறுத்துங்க! அந்தக் கிரைண்டரை நிறுத்துங்க!"

கத்தியது நான்தான். நாற்காலி பின்னால் சாய்ந்தது, நானும் சாய்ந்தேன். மெயினை நிறுத்தச் சொல்கிறேன் என்று நினைத்துப் பீட்டர் அண்ணாச்சி பாய்ந்து போய் நிறுத்திவிட்டார். படம் போய், ஃபேன் போய், தார்ப்பாய் கட்டிய ஹால் கும்மிருட்டாகிவிட்டது. ஊரே அலறியது. பத்மஜா அம்மாவும் அலறினார். யாரோ என் சட்டையைப் பிடித்துக் கிழித்தார்கள்.

கரண்ட் வந்தது. தரையில் கிடந்தேன். யாரோ குனிந்து, "பயந்துட்டீங்களா தம்பி? தண்ணி குடிங்க" என்று டம்ளரை நீட்டினார்கள். பார்த்தேன். அதே முகம். மறுபடி கத்தினேன். மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து வந்த பெரியும்மா அவர். பாவம், டம்ளரைப் போட்டுவிட்டு அவரும் கத்தினார்.

மீதிப் படத்தையும் போட்டார்கள். எழுந்து உட்கார்ந்து கண்ணாடியோடு முழுக்கப் பார்த்தேன். முதன்முதலாக ஒரு திகில் படத்தின் கடைசிக் காட்சி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன். இத்தனை வருடம் எதையெல்லாம் விட்டிருக்கிறேன்!

பத்மஜா அம்மா நோட்டில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. என் முன்னால் வந்து நின்று, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார், "எத்ரயோ முகம் கண்டிருக்கேன் சார். இது மாதிரி ஒரு முகம் கண்டதில்லை." பிறகு சபூராவிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். படம் திருவனந்தபுரம் போகிறது. வாப்பா கட்டிய கையை அவிழ்த்துவிட்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நம்ம வீட்டுக் கிரைண்டர்தான், நம்ம அண்ணி வீட்டுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சபூரா என்னிடம் வந்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"எத்தன எலுமிச்சம்பழம் சார்?"

"ஒரே ஒரு பழம் இருந்தாப் பிழிஞ்சு சர்க்கரை போட்டுக் குடும்மா. நெஞ்சு படபடங்குது."

வட்டத்தின் வாட்சாப்பில் இன்று என் விமர்சனம் ஒரே வரி. 'கண்ணாடி போட்டுப் பார்த்தேன். பயந்தேன்.' பீட்டர் அண்ணாச்சி கீழே கேட்டிருக்கிறார், 'அப்போ கம்பளி ராட்சசன் செருப்பு?' நாளைக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 26, திங்கள்

காலையில் பல் தேய்த்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். சமையலறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிரிசில்லா ஹாலில் நின்றுகொண்டிருந்தாள்.

"யாரு போட்டது?" என்றேன்.

"நான்தான் போட்டேன்."

"அப்போ ஏன் இங்க நிக்க?"

"மாவு ஆட்டியாச்சு. நிறுத்தணும்."

"நிறுத்து."

அவள் நகரவில்லை. வேட்டி நுனியை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன். நெற்றியின் அந்தப் புது மடிப்பு இன்னும் ஆழமாக இருந்தது. பதினெட்டு வருடமாகப் பல்லியை வெறுங்கையால் விரட்டுகிற பெண் அவள்.

"ஏங்க, நீங்க போய் நிறுத்துங்களேன்."

"நீயுமா?"

"கெமிஸ்ட்ரி டீச்சர்னா பயப்படக் கூடாதுன்னு சட்டமா? நேத்து உங்க சட்டையக் கிழிச்சது யாருன்னு நெனச்சீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அதை மறைக்கவில்லை.

"கண்ணாடி போட்டிருக்கீங்கல்ல?" என்று கேட்டாள்.

"போட்டிருக்கேன்."

"அப்போ நீங்க முன்னால போங்க."

போனேன். பின்னால் என் பனியனைப் பிடித்துக்கொண்டு அவளும் வந்தாள். கிரைண்டருக்குப் போகிற வழியில்தான் எங்கள் ஃபிரிட்ஜ் இருக்கிறது. முதலில் அதன் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

ஒரு பழைய கோலப்பொடி டப்பாவும், போன வருடம் தொலைந்துபோன என் சட்னிக் கரண்டியும் இருந்தன. இரண்டும் தெளிவாகத் தெரிந்தன.